என்னடா நடந்துச்சு?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் உட்கார வைத்து நம்ப வைக்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. ஆனால் கதை விடுகிறான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெற்ற தாயை வைத்துக் கதை விடும் அளவுக்கு நான் இன்னும் தரம் கெட்டுப் போகவில்லை.

எனக்கு ரொட்டி ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். ஊரே குறட்டை விடும் நேரத்தில் அடுப்பிலிருந்து சூடான தட்டுகளை இழுத்து அடுக்குவதுதான் என் பிழைப்பு. காலையில் வீட்டுக்கு வந்து, ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டிவிட்டுப் படுப்பேன். ஆக, எனக்கு நடுநிசி என்பது மதியம் இரண்டு மணி. பேய் இருட்டில்தான் வரும் என்று சொன்னவன் நைட் ஷிஃப்ட் பார்த்தவனாக இருக்க மாட்டான்.

அம்மா துணிக்கடையில் விற்பனை வேலை பார்த்தவள். வாங்க வருகிறவர்கள் உட்காரலாம், விற்கிறவள் உட்காரக் கூடாது. அது அந்தக் கடையின் சட்டம். முப்பது வருடம் நின்றே கழித்தாள். வலது முட்டி தேய்ந்து, எலும்போடு எலும்பு உரச ஆரம்பித்துவிட்டது. கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் வியர்த்துக் கொட்டும். ஒரு கட்டத்தில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள், குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று. அது தெரிந்த அன்றைக்குத்தான் நானும் அக்காவும் ஆபரேஷனுக்கு முடிவு செய்தோம்.

"பயப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்," என்றார் டாக்டர்.

"எல்லாம் நடக்கட்டும் டாக்டர். நான் நடப்பேனா, அதைச் சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவின் வாய் அப்படி.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. தேய்ந்த எலும்பைச் சீவிவிட்டு உள்ளே உலோக மூட்டு வைத்தார்கள். வீட்டு முன் அறையில் வாடகைக் கட்டில் போட்டோம். அம்மா அதில். இரவில் அக்கா வந்து துணைக்குப் படுப்பாள். காலையில் நான் வந்ததும் அவள் ஆபீஸுக்குக் கிளம்புவாள். பத்து மணிக்குப் பிசியோ வருவார். அம்மாவின் காலை மடக்கி, நீட்டி, வாக்கரைப் பிடிக்க வைத்து நான்கு எட்டு நடக்க விட்டு, வாக்கரை மூலையில் வைத்துவிட்டுப் போவார். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம்.

"இந்த ஒண்ணரை மாசம்தாங்க முக்கியம்," என்றார் பிசியோ. "இப்போ மடக்காம விட்டா முட்டி அப்படியே இறுகிடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள். மதியம் 2.10. சட்டென்று விழிப்பு வந்தது.

டொக்... சர்ர்ர்... டொக்... சர்ர்ர்...

வாக்கரை ஊன்றும் சத்தம். பின்னாலேயே கால் இழுபடும் சத்தம். ஐயோ, தனியாக எழுந்துவிட்டாளே என்று அடித்துப் பிடித்து ஓடினேன்.

அம்மா கட்டிலில்தான் இருந்தாள். காலுக்கு அடியில் தலையணை. வாக்கர் மூலையில் இருந்தது. அதன் மேல் பிசியோ போட்டுவிட்டுப் போன துண்டு, மடித்தது மடித்தபடி கிடந்தது.

"என்னடா நடந்துச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் நடக்கலம்மா. கனவு. நீ தூங்கு."

"நடந்துச்சே..."

வலி மாத்திரையின் வேலை என்று நினைத்தேன்.

மறுநாளும் அதே 2.10. அதே சத்தம். ஓடினால் அதே கேள்வி. "என்னடா நடந்துச்சு?" நானும் அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் நாள் தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது. வீக்கத்துக்கு வைத்த ஐஸ் பொட்டலத்திலிருந்து சொட்டியது. துடைக்கக் குனிந்தேன். ஈரத்திலிருந்து விலகி, வறண்ட தரையில் ஒரு ஈரப் பாதம் பதிந்திருந்தது. வலது பாதம். ஒன்றே ஒன்று. அம்மாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இடது பாதம் எங்கே என்று தேடினேன். எங்கும் இல்லை.

"அம்மா... நீ தினமும் என்ன கேக்குற?"

"என்ன நடந்துச்சுன்னு கேக்குறேன்."

"அதான் ஒண்ணும் நடக்கலயே."

"அட மக்கு! நான் என்ன ஊர் விசேஷமா விசாரிக்கிறேன்? இந்த ரூமுக்குள்ள நடந்துச்சே, அது என்னன்னு கேக்குறேன். நடந்தது எது?"

இத்தனை நாளும் அவள் கேட்டது ஒன்று, நான் சொன்ன பதில் வேறு.

"உனக்குத் தெரியுதாம்மா?"

"உருவம் தெரியல. மூச்சு கேக்குது. காலைல அந்தத் தம்பி வந்து என் காலை மடக்குறப்போ சுவரோரமா நின்னு பாக்குது. நீ தூங்குனதும் நான் செஞ்சத அப்படியே செய்யுது. எனக்கு வலிச்ச இடத்துல அதுவும் நிறுத்தி மூச்சு வாங்குதுடா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னைப் பாத்துக் கத்துக்குது. இனிமே நான் மடக்க மாட்டேன்."

சொன்னபடி நிறுத்திவிட்டாள். பிசியோ கெஞ்சினார். மிரட்டினார். போனில் டாக்டரோ, வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் இப்படிக் குழப்பம் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார். கால் சரியாகவில்லை. முட்டி விறைத்துக்கொண்டே வந்தது. தொட்டாலே கத்தினாள். அந்த நாட்களில் மதியச் சத்தமும் தடுமாறியது. டொக்... என்று ஊன்றும். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இருக்காது.

"இந்த வாரம் தாண்டினா என்னை விட்டுடுங்க," என்றார் பிசியோ.

அன்று மாலை அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்து அழுதாள். "படுத்த படுக்கையா உன்னைப் பாக்கவாம்மா இவ்ளோ பாடுபட்டோம்? எனக்காகப் பண்ணும்மா."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது.

"அழாதடி. பண்றேன்," என்றாள். "ரெண்டு பேரும் பண்றோம்."

பிசியோவைத்தான் சேர்த்துச் சொல்கிறாள் என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். முட்டி இளகியது. பிசியோ வாயெல்லாம் பல்லாகக் கிளம்பிப் போனார். மதியச் சத்தமும் தெளிந்துகொண்டே வந்தது. சர்ர்ர் குறைந்தது. இழுபடுவது குறைந்தது. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். பஞ்சு எதற்கும் உதவவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை. 2.10.

சத்தம் இல்லை.

2.15... இல்லை. அப்பாடா, தொலைந்தது என்று புரண்டு படுத்தேன்.

தப்.

வாக்கர் இல்லை. வெறும் பாதம்.

தப்... தப்... தப்...

இரண்டு கால்கள். சீராக. கொஞ்சம்கூட இழுபடாமல். முன் அறையிலிருந்து நடைவழியைத் தாண்டி... என் கதவு வரைக்கும்.

நின்றது.

"அம்மா...?"

கைப்பிடி திரும்பியது.

அம்மா.

சுவரைப் பிடிக்கவில்லை. நேராக நின்றாள். வியர்க்கவில்லை. சிரித்தாள்.

"நீங்க தூங்குங்க தம்பி."

என் அம்மா என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

அவள் தோளுக்கு அந்தப் பக்கம் முன் அறைக் கட்டில் தெரிந்தது. போர்வை படுத்த ஆளின் நீளத்துக்குப் புடைத்திருந்தது. வலது முட்டி இருக்கும் இடத்தில் ஒரு மேடு. மெல்ல... மெல்ல... அது தாழ்ந்தது.

ஓடிப்போய்ப் போர்வையை இழுத்தேன். படுக்கை காலி.

தலையணை சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

"நான்தான் எழுந்துட்டேனே. அங்க என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள், பின்னாலிருந்து.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறை. நான் தயங்கித் தயங்கி 'நீங்க' விஷயத்தைச் சொன்னேன். "முப்பது வருஷக் கடைப் பழக்கம்டா, வாங்க போங்கன்னு பேசிப் பேசி வந்தது. நடக்குறாளேன்னு சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு..." என்று என் வாயை அடைத்துவிட்டாள். அதோடு மதியச் சத்தம் நின்றது. வாடகைக் கட்டிலையும் வாக்கரையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நான் ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆனாலும் அவள் மாடிப்படி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம், இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். பார்த்தார். கழற்றினார். வேறு யாருடையதோ வந்துவிட்டது என்று சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை அவரே கூடப் போய் நின்றார்.

இரண்டாவது படமும் வந்தது. நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு, ஆபரேஷன் முடிந்த மறுநாள் எடுத்த பழைய படத்தைப் பக்கத்தில் மாட்டினார். பழைய படத்தில் முட்டி இருக்கும் இடத்தில் உலோகம் வெள்ளைவெளேர் என்று அடித்தது.

புதிய படத்தில் உலோகம் இல்லை. சீவிய தடம்கூட இல்லை. வெறும் எலும்பு. கொஞ்சமும் தேயாத எலும்பு.

"வெளிய தழும்பு இருக்கு. நான் போட்ட தையல் மாதிரியேதான் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா இது நான் ஆபரேஷன் பண்ண கால் இல்லங்க. இந்தக் காலை யாரும் தொட்டதே இல்ல." கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீங்க கூட்டிட்டு வந்திருக்கிறது யாரு?"

எழுந்து வந்தேன். வெளியே வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். வேறு எங்கே கொண்டுபோய் விடுவது?