வியன்னாவில் ஒரு வலைப்பாட்டு

ஏரிக்கரைத் தோணிரேவு கிராமத்துப் பூவிழிக்குக் கூச்சம் என்பது மருந்துக்கும் கிடையாது. கரையில் நின்று அவள் கூப்பிட்டால் ஏரிக்குள் போன படகு திரும்பிப் பார்க்கும், அப்படிப்பட்ட தொண்டை. சென்னைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே பாடகர் குழுவில் இடம் பிடித்தாள். மூன்றாம் வருஷம் குழு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, விமானத்தில் ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா சுப்பராயலு வலை இழுக்கும்போது பாடும் பாட்டைக் குழுவுக்குக் கொடுத்திருந்தாள். குழுவை நடத்தும் ஆல்வின் சார் அதை முப்பது குரலுக்கு அமைத்தார். முதல் நான்கு அடி பூவிழி தனியாக, பிறகு மற்றவர்கள். அந்த நான்கு அடிதான் அவளுக்கு உயிர். ஆனால் ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் முதல் அடி முடிந்ததும் நின்றுவிடுவாள். கரையில் அப்படித்தான் வழக்கம். கயிறு பிடித்தவர்கள் 'ஐலசா' சொன்ன பிறகே அடுத்த அடி.

"மேடையிலயும் இப்படி நின்னா, அடுத்த ஊர்ல கீதாதான் பாடுவா" என்று ஆல்வின் எச்சரித்தார்.

புடாபெஸ்ட் மேடையில் பூவிழி நின்றேவிட்டாள். மூன்று நொடி அரங்கம் மூச்சுக் காட்டவில்லை. ஆல்வின் முகம் சுண்டிப்போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வியன்னாவுக்குப் போகும் பேருந்தில் கீதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏன்டி, மறந்துட்டியா?"

"மறக்கறதா? நானா? பதில் வரலன்னா பின்னாடி இருக்கறவன் இன்னும் கயித்த புடிக்கலன்னு அர்த்தம். அதுக்குள்ள நான் அடுத்த அடி எடுத்தா முன்னாடி ஆளு இழுத்துடுவான். கயிறு உருவிக்கினு போவும், பின்னாடி ஆளு கை தோலு உரிஞ்சிடும். எங்க நைனா உள்ளங்கைய நீ பாத்ததில்ல."

"சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். இங்க ஏதும்மா கயிறுன்னாரு. அதுவும் நாயந்தான்." வயிறு எரிந்தது, மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. "நல்லா பாடு. ஆனா உன்ன வுட நான்தான் நல்லா பாடுவேன். அத்த மட்டும் மறந்துடாத."

கீதா சிரித்துவிட்டாள்.

வியன்னாவில் பூவிழிக்குக் கடைசி வரிசை. கீதா முதல் அடியைப் பிசிறில்லாமல் எடுத்தாள். குறை கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட பூவிழிக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அடி முடிந்தது. கீதா அடுத்ததை எடுக்கவில்லை. ஆல்வினின் கை அவளை அவசரப்படுத்தியது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல், கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

பூவிழிக்கு அது புரிய எடுத்தது ஒரு நொடிதான்.

"ஐலசா!" என்றாள். அவளைத் தொடர்ந்து மற்ற எல்லோரும் சொன்னார்கள். அதன் பிறகே கீதா இரண்டாம் அடியை எடுத்தாள்.