முதலில் போன பை

கஜானியைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஓடும் பஸ்ஸில் பதினொரு வருடமாகக் கொண்டக்டர். நெடுந்தீவுக்குப் போகிறவர்களை அங்குள்ள படகுத்துறையில் இறக்கிவிடுவேனே தவிர, படகில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. என் தங்கை நிலாந்தினி அங்கே வாழ்க்கைப்பட்டுப் பதினைந்து வருடம். கூப்பிடும்போதெல்லாம் லீவு இல்லை என்று தப்பித்துவிடுவேன். கடல் பயம் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

கஜானி வேலணைப் பெண். தகப்பன் ஐயாத்துரைக்குப் புகையிலைத் தோட்டம். தீவில் பிறந்தவள்தான், ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் படகு ஏறியதில்லை. வேலணைக்குக் கடலுக்கு மேலால் தெரு உண்டு, பஸ்ஸில் போய்வந்தே பழக்கம். பட்டம் முடித்து நான்கு வருடம் காத்திருந்தவளுக்கு ஆசிரியை நியமனம் வந்தது, நெடுந்தீவுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் கடமை ஏற்காவிட்டால் ரத்து.

திங்களன்று துறைவரை வந்தாள். படகு ஆடுவதைப் பார்த்தாள். என் பஸ்ஸிலேயே திரும்பி ஏறினாள். செவ்வாயும் அப்படித்தான். புதனன்று நான் சும்மா இருக்கவில்லை.

"என்ன தங்கச்சி, நீர் படகு பாக்கத்தான் வாறனீரோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. என் வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழன் அவளைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாள். இறங்கியதும் நேரே போய், படகில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் தன் பையை நீட்டினாள். அவர் வாங்கி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அவள் மட்டும் துறையில் நின்றாள்.

"பைக்குள்ள என்ன?" என்று கேட்டேன்.

"நியமனக் கடிதம், சேட்டிபிக்கற் எல்லாம்."

"பிறகேன் குடுத்தனீர்?"

"குடுக்காட்டில் நான் போகமாட்டன் அண்ணை."

கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். "முருகா!" என்று கத்திக்கொண்டே ஏறினாள்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. பயம் போய்விட்டதா என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க போறது? இண்டைக்கும் அப்பிடியேதான் இருக்கு" என்றாள். இன்றும் திங்கட்கிழமைகளில் பைதான் முதலில் ஏறும், பிறகுதான் ரீச்சர்.

போன மாதம் நிலாந்தினியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். சொல்ல இனிச் சாட்டும் இல்லை. பிள்ளைக்கு வாங்கிய சீலை இருந்த பையைக் கட்டிப்பிடித்தபடி துறையில் நின்றேன். இரண்டு தரம் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

அதே படகுக்கு வந்த கஜானி என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பையைத் தாங்கோ அண்ணை" என்றாள்.

வாங்கிக்கொண்டு போய், மூட்டைகளுக்குப் பின்னால் தன் பையோடு சேர்த்து வைத்தாள். கயிறு அவிழ்க்கும் முன் நானும் ஏறிவிட்டேன்.