திரையில் இன்னும் உயர்ந்திருந்த கை

சிஹாம் அப்துல் ஷாஃபிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸகாஸீக்கில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்துவிட்டு, கெய்ரோவில் கார்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறாள். தினமும் மைக்ரோபஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைச் சண்டை போட்டுப் பிடித்து, நஸ்ர் சிட்டியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வருவாள். ஓட்டக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேட்டால், "இந்த ஊர்ல ஓட்டுறவங்க போதாதா?" என்பாள்.

அவளைப் பெரிய திறமைசாலி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அவளைவிட வேகமாக எழுதுகிறவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். பதில் கிடைத்த பிறகும் கேள்வியைக் கீழே வைக்காதவள் அவள். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது சுகமான குணமல்ல.

அந்த வருடம் நாங்கள் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் காருக்கு முன்பலகை, அதாவது டாஷ்போர்டு, செய்துகொண்டிருந்தோம். ஒரு சின்னச் சிப், அதற்குள் இரண்டு இயங்குதளங்கள். ஒன்று ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் வேகத்தையும் எச்சரிக்கைகளையும் பின்பக்கக் கேமராவையும் காட்டும். மற்றது நடுத்திரையில் பாட்டு, வரைபடம், போன். இரண்டுமே முழுச் சிப்பும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம். ஹைப்பர்வைசர் என்ற வீட்டுக்காரன் சிப் என்ற அடுப்பை யாருக்கு எப்போது விடுவது என்று முறை வைப்பான். பெரிய கம்ப்யூட்டரில் அந்த முறை மாறுவதே வெளியே யாருக்கும் தெரியாது. எங்கள் அடுப்பு சிறியது.

வரைபடம் மெதுவாகத் திறக்கிறது என்று ஜெர்மன்காரர்கள் குறைபட்டார்கள். எங்கள் குழுத்தலைவர் ஹாத்திம் முறையை மாற்றி, வரைபடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார். வரைபடம் பளிச்சென்று திறந்தது. ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்தோம். கேமராவில் குறை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜெர்மன் பொறியாளர் கெர்லிண்ட் வந்து சோதித்து ஒப்புதல் தரவேண்டிய நாள். காலையில் வாயில் என்ற எங்கள் சோதனை ஓட்டுநர் காரை எடுத்துவந்தான். பக்கத்தில் சிஹாம், பின்னால் நான். எங்கள் தெருவில் இடம் பார்த்து வண்டி நிறுத்த வைப்பவர் அம் ரகப். வயதுக்காக 'அம்' என்று சித்தப்பா முறை. வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினார்.

"வா... வா... இன்னும் வா... ஒடிச்சு வா... போதும்!"

டிக்கியில் ஓர் அடி. வாயில் நிறுத்தினான். அந்த நேரம் சிஹாம் வரைபடத்தைத் திறந்து வேகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் அப்படியே நின்றது.

"வாயில், அவரு தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டதாலதானே நிறுத்தினேன்."

"தட்டின சத்தம் வந்தாச்சு. திரையில அவரு கை இன்னும் மேலேயே இருந்துச்சு."

"நான் திரையைப் பாக்கலையே. ரகப் கத்தும்போது எவன் திரையைப் பாப்பான்?"

அவன் சொன்னதுதான் விஷயம். கெய்ரோவில் யாரும் திரையைப் பார்த்துப் பின்னால் எடுப்பதில்லை. எந்தத் தெருவிலும் ஒரு ரகப் இருப்பார். அவர் குரலுக்கு எடுப்போம், டிக்கியில் அடி விழுந்தால் நிறுத்துவோம். எங்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பார்க்காத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தோம்.

மேலே போய்ப் பதிவுகளைப் பார்த்தோம். அதில் பதிந்திருந்த நேரப்படி ஒரு படம்கூடத் தாமதமில்லை.

"பாத்தியா பாஷ்முஹந்திஸா, எல்லாம் சுத்தம்," என்றார் ஹாத்திம். பொறியாளருக்கு எங்கள் ஊர் மரியாதைச் சொல் அது. அவர் சொன்ன விதத்தில் மரியாதை குறைவு.

"அந்தக் கடிகாரம் யாரோடது? கேமரா பக்கத்தோடது. மேப்புக்காக அதை ஓரங்கட்டும்போது அதோட கடிகாரமும் நிக்குது. தூங்கினவன்கிட்டயே எவ்வளவு நேரம் தூங்கினேன்னு கேட்டா, கண்ணே மூடலைன்னுதான் சொல்வான்."

ஹாத்திம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரி. அந்தம்மா ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பியாச்சு. இப்ப இதைச் சொன்னா வேலை மொத்தமும் வேற நாட்டுக்குப் போயிடும். பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் சரி பண்ணுவோம்."

"அவங்க ரிவர்ஸ் எடுத்தா?"

"வாயில்தான் நிறுத்துவான். இன்ஷா அல்லாஹ்."

"ரிவர்ஸுக்கு இன்ஷா அல்லாஹ் போதாது, ஹாத்திம்."

ஆனாலும் அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. கீழே போய் ரகப்பிடம், இன்று அந்த வண்டிக்குப் பின்னால் நிற்காதீர்கள் என்றாள்.

"நான் நிக்காம வண்டி எப்படி நிக்கும், மகளே? உங்க ஆபீஸ் மேல. தெரு என்னோடது."

கெர்லிண்ட் வந்தார். தேநீரைப் பாதி குடித்துவிட்டு, தானே ஓட்டுவதாகச் சொன்னார். ஓட்டுநர் வாயில் நடைபாதையிலேயே நின்றுவிட்டான். சிஹாம் முன்னால் ஏறினாள். ஹாத்திமும் நானும் பின்னால். ஒரு சுற்று நன்றாகப் போனது. வரைபடத்தைப் பார்த்து அவர் இரண்டு முறை தலையாட்டினார். திரும்பி எங்கள் தெருவுக்கு வந்ததும் கண்ணாடிகளை முழுக்க ஏற்றினார்.

"நான் நிறுத்தித் தரட்டுமா?" என்றார் ஹாத்திம்.

"வேண்டாம். உங்க ஆளோட சத்தமும் வேண்டாம். திரையை மட்டும் பாத்து எடுக்கப்போறேன். அதுக்குத்தானே வந்தேன்."

பின்னால் ரகப் கையை உயர்த்திக்கொண்டு வந்து நின்றார். அவர் வாய் அசைந்தது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. வண்டி பின்னோக்கி நகர்ந்தது. சோதனைக் கார் பழைய மாதிரி, நடுவில் கைப்பிரேக் இருந்தது. சிஹாமின் கை அதன்மேல் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. கெர்லிண்ட் ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி, மறுகையால் தன் ஹோட்டலுக்கு வழி பார்க்க வரைபடத்தைத் தொட்டார்.

திரையில் ரகப் தொலைவில் நின்றார், கை மேலே. அந்தக் கை அசையவில்லை.

சிஹாம் பிரேக்கை இழுத்தாள்.

வண்டி குலுங்கி நின்றது. ஒரு மூச்சு நேரம் கழித்துத் திரையில் படம் தாவியது. ரகப்பின் மார்பு, பொத்தான்களோடு, திரை முழுக்க இருந்தது. டிக்கியில் இரண்டு அடி விழுந்தது. ஹாத்திம் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன பேகம், என்னை அடக்கம் பண்ணத்தான் விமானம் ஏறி வந்தியா?" என்றார் ரகப்.

கெர்லிண்ட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இழுத்தீங்க?"

"படம் நின்னுபோச்சு. நிக்கும்னு தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"காலையிலேர்ந்து."

கெர்லிண்ட் இறங்கிப் போய் ரகப்புக்குக் கை கொடுத்தார். எங்களுக்குக் கொடுக்கவில்லை.

அன்று சிஹாம் காட்டியது துணிச்சல் என்று பிறகு சிலர் சொன்னார்கள். நான் சொல்லமாட்டேன். துணிச்சல் காலையிலேயே வாயைத் திறந்திருக்கும். ஒரு கிழவனின் நெஞ்சுக்கும் ஒரு பம்பருக்கும் நடுவில் இருந்தது அவள் கை மட்டும்தான், அதுவும் தற்செயலாக எட்டும் தூரத்தில். அது அவளுக்கும் தெரியும் என்பதைத்தான் அவள் பக்கம் சேர்த்துச் சொல்வேன்.

பாதி வேலை கைமாறிப் போயிற்று. மீதியை அவளிடமே விட்டார்கள். சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோர்களில் ஒன்றைக் கேமராவுக்கென்றே ஒதுக்கினாள், வேறெவரும் தொடாதபடி. தாமதத்தை உள்ளே இருக்கும் எந்தக் கடிகாரத்தையும் நம்பாமல், வெளியே ஒரு விளக்கை மின்னவிட்டு அளந்தாள். வரைபடம் மறுபடி மெதுவானது. கார் அப்படியே விற்பனைக்கு வந்தது.

போன பெருநாளுக்கு அவளுடைய அக்கா கணவர் அதே காரில் வந்து இறங்கினாராம். அவளே சொன்னது.

"மேப் திறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம்," என்றாராம் அத்தான். "எந்தக் கழுதை செஞ்சுதோ."

"கொஞ்சம் ரிவர்ஸ் போடுங்க அத்தான். வண்டி நகர வேண்டாம், பிரேக்கை மிதிச்சுக்கோங்க. மேப்பையும் திறங்க. திரையைப் பாருங்க."

அவள் இறங்கிப் பின்னால் போய் நின்று, கையை உயர்த்தி, டிக்கியில் ஓங்கி அடித்தாள்.

"அடியும் கையும் ஒண்ணா வந்துச்சா?"

"ஒண்ணாத்தான் வந்துச்சு. வண்டியை ஏன் அடிக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தான். வாங்க, டீ குடிக்கலாம். அதுக்குள்ள மேப் திறந்துடும்."