நான்கு நாள் குழம்பு

என் வீட்டுக்கு யார் வந்தாலும் கருவாட்டுக் குழம்பைத்தான் கேட்கிறார்கள். மருமகன் கேட்கிறார், பேத்தி கேட்கிறாள், பேத்தியின் சிநேகிதி கூடக் கேட்கிறாள். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று ஐஸ் வைக்கிறார்கள். போன மாதம் மகள் ஒரு டப்பா நிறைய வாங்கிப் போய் ஃப்ரிட்ஜில் உறைய வைத்து, பத்து நாள் கழித்து எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட்டாளாம். "அப்படியே இருந்ததும்மா" என்றாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. அந்தக் குழம்பை யார் நாக்குக்காகவும் நான் வைக்கப் பழகவில்லை. காலை ரயிலைப் பிடிப்பதற்காகப் பழகினேன்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டும் என்று நெம்புகோலைத் தள்ளிவிடும் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு, கூட என் மாமியார். திண்டிவனம் நான் பிறந்த ஊர். அங்கே எட்டாம் வகுப்பு தேறிய பெண்களை ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைத்த பிறகு சொன்னேன். வீட்டில் மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் அவர் வாய் திறந்தார். தன் அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, பஞ்சாயத்துத் தீர்ப்பு சொல்வது மாதிரிச் சொன்னார்.

"போ. நான் வேணாங்கல. ஆனா டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்தா தட்டுல சோறும் கொழம்பும் இருக்கணும். ஒரு நாள் தப்புனாலும் அன்னியோட படிப்புக்கு முழுக்கு."

"சரிங்க" என்றேன். உடனே சொன்னேன், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. ஒரு மனுஷி படிப்பதற்கும் ஒருத்தர் சாப்பிடுவதற்கும் என்ன முடிச்சு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அடுப்பு உங்களுக்கும் எரியும்தானே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னிடம் ஒரு வழி இருந்தது, அந்தத் திமிர்.

வழி இதுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மரக்காணத்திலிருந்து வரும் வாளைக் கருவாடு வாங்குவேன். கறி வாங்க வக்கில்லாத வீட்டுக்கு அதுதான் கறி. வெந்நீரில் அலசி, ஈரம் போக வெயிலில் போட்டு, வெறும் சட்டியில் வறுத்து எடுப்பேன். பெரிய மண்சட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை எண்ணெயைக் கை தாராளமாக ஊற்றி, சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்துக் கொட்டி, கெட்டிப் புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்ட வைப்பேன். கருவாடு கடைசியில்தான். தேங்காய் கிடையாது, காய் கிடையாது. காய் போட்டால் மறுநாளே நுரைத்துவிடும். இப்படி வைத்தால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கு ராத்திரிக்குக் குழம்பு தயார். வியாழக்கிழமை எங்களுக்கு மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும், வந்து வெள்ளிக்கும் சேர்த்துப் புதிதாகச் சமைக்கலாம், சனிக்கிழமை விடுமுறை. மற்ற நாள் சாயங்கால ரயிலில் இறங்கி, ஓடிவந்து, கேப்பைக் களி கிளற அரைமணி நேரம் போதும். மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டால் காலைக்குக் கூழ்.

சட்டிக்குச் சில சட்டங்கள் உண்டு. காலையில் ஒரு கொதி, ராத்திரி ஒரு கொதி. ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது. சூடு ஆறும்வரை மூடக்கூடாது, மெல்லிய துணிதான் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறக்கிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் சேரக்கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே என் மாமியார்தான். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் இப்படி ஓட்டினேன். அக்கம்பக்கத்தில் "பழைய கொழம்பு வாத்தியாரம்மா" என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை தட்டை வழித்து நக்கிவிட்டு, "ரெண்டாம் நாளு, மூணாம் நாளுதான்டி இது ருசி" என்பார். நான்கு பேருக்கும் போட்டுவிட்டு, சட்டியின் அடியில் ஒட்டியதைக் களியால் துடைத்து நான் சாப்பிடுவேன். பிறகு நோட்டை விரிப்பேன். மாமியார் பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், பொய் சொல்ல மாட்டேன். அந்த நன்றி மட்டும் இல்லாவிட்டால் என் கோபம் நேராக ஒரு இடத்தில் போய் நின்றிருக்கும். இப்போது அது எந்தப் பக்கமும் முழுதாகப் போக முடியாமல் எனக்குள்ளேயே சுற்றுகிறது.

கடைசிப் பரீட்சை பங்குனியில் வந்தது. வியாழக்கிழமை, மேலதிகாரி ஒருவர் முன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். என் பாடம் மல்லாட்டைச் செடி. பூ மேலே, காய் மண்ணுக்குள். ஒரு பெரிய அட்டையில் வேர், விழுது, காய் எல்லாம் வண்ணம் தீட்டி வரைந்து வைத்திருந்தேன். அது ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் நான் வாத்தியார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளியனூரிலிருந்து நாத்தனாரும் அவள் புருஷனும் வந்து இறங்கினார்கள். சொல்லிவிட்டு வரும் வழக்கமெல்லாம் அவர்களுக்கு இல்லை. அன்று ராத்திரி குழம்பு எல்லாருக்கும் பரிமாறியும் புதன் ராத்திரிக்கு நெருக்கிப் பிடித்தால் போதும் என்று இருந்தது. புதன் காலையில் கொதி விட்டு இறக்கி, துணி போட்டு, மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தை, மத்தியானத்துக்கு ரசமும் அப்பளமும் பண்ணிக்கோங்க. சட்டிய மட்டும் தொடாதீங்க. ராத்திரிக்கு அதுதான் இருக்குது."

"எனக்கே சொல்றியா? நீ போய்க்கினே இரு, ரயிலு வந்துடப்போவுது" என்றார்.

போய்விட்டேன். வீட்டு மாப்பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாட்டில் வெறும் ரசம் ஊற்ற ஒரு மாமியாருக்கு மனம் வருமா? வராது. இங்கே எந்த மாமியாருக்கும் வராது. குழம்பு இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் காணாது என்று மாப்பிள்ளை முன்னால் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு சொம்புத் தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தார். நாலு கத்தரிக்காயை நறுக்கிப் போட்டார். காய் அரைவேக்காடாக இருக்கும்போதே இறக்கிப் பரிமாறி, மிச்சத்தைச் சுடச்சுடத் தட்டுப் போட்டு இறுக்கி மூடி, ஜன்னல் வெயில் விழும் இடத்தில் வைத்துவிட்டார். எனக்குக் கற்றுக்கொடுத்த அத்தனை சட்டத்தையும் ஒரே மத்தியானத்தில் மீறினார். மாப்பிள்ளைக்குக் குழம்பு பெருகியது.

அன்றைக்குப் பார்த்து என் ரயில் முண்டியம்பாக்கத்தில் நின்றுவிட்டது. எதிர் ரயிலுக்காக முக்கால் மணி நேரம். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும் தட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புடவையைச் செருகிக்கொண்டு களியைக் கிளறி இறக்கினேன். குழம்புச் சட்டியைத் திறந்தேன். வெள்ளை நுரை மேலே வந்து முணுமுணுவென்று உடைந்துகொண்டிருந்தது. நாற்றம் கூடம் வரை போனது. நுரைக்கு நடுவே கத்தரிக்காயைப் பார்த்ததும் நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?" என்றார் அவர்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என் மகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மங்கல் விளக்கில் என்ன பேன் தெரியும்? நாத்தனாரைப் பார்த்தேன். அவளுக்கும் எல்லாம் தெரியும். சேலைத் தலைப்பில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டுப்போச்சுங்க. பத்து நிமிஷம் குடுங்க, வெங்காயத் துவையல் அரைச்சுடுறேன்."

மாப்பிள்ளை நல்ல மனுஷன். "விடு மச்சான். களில மோர ஊத்திக்கினு அடிச்சா போச்சு. இதுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. வந்த மாப்பிள்ளை மோர் கேட்கும் நிலைமை வந்துவிட்டதே என்று இவருக்கு முகம் கறுத்தது.

"மாப்ள முன்னாடி என் மானத்த வாங்கிட்ட. சொன்ன பேச்சு சொன்னதுதான். நாளைக்கு நீ ரயிலேற வேணாம்."

"நாளைக்குப் பரீட்சைங்க. கடைசிப் பரீட்சை."

"சோத்துக்கு வழியக் காணோம், பரீட்சையாம்."

ஒரே ஒரு வார்த்தை போதும். "நான்தான்டா தண்ணி ஊத்திட்டேன்" என்று அவர் அம்மா சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை என்றால் நான் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை எதிரில் மாமியாரைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று என் வளர்ப்பு என் வாயைக் கட்டிப்போட்டது. யாருடைய மானத்துக்காக? மாப்பிள்ளையின் மானம், மாமியாரின் மானம், வீட்டுக்காரரின் மானம். இத்தனை பேர் மானமும் ஒரு சட்டிக் குழம்பில் மிதந்தது, என் இரண்டு வருஷம் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம். எல்லாரையும்விட, வாய் மூடி நின்ற அந்த இருபத்துநான்கு வயதுக்காரி மேல் கோபம்.

மறுநாள் காலையில் அவர் டூட்டிக்குப் போனார். நான் குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, அட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். போய்விடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். போனால் திரும்பி எந்த வீட்டுக்கு வருவது என்று இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். ரயில் ஊதியது. திண்டிவனம் போகிற அந்த வண்டிக்கு நெம்புகோலைத் தள்ளி வழிவிட்டவர் அவர்தான். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் நாத்தனார் பஸ் ஏறிப் போன பிறகு மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். "தப்புதாம்மா. ராத்திரி அவங்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றார்.

"பரீட்சை முடிஞ்சிடுச்சு அத்தை" என்றேன்.

ராத்திரி சொல்லத்தான் செய்தார். "அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு அவர் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளியில் அடுத்த வருஷம் வந்து எழுதலாம் என்றார்கள். அடுத்த வருஷம் மூன்றாவது பிள்ளை என் மடியில் இருந்தது. மல்லாட்டைச் செடி வரைந்த அட்டையை மாமியார் வட்டமாக வெட்டி, கேப்பை மாவு டின்னுக்கு மூடியாக்கினார். படம் உள்பக்கம்.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, அதுவரை சந்தைக்குப் போயே அறியாத மனுஷன் தானே போய் வாளைக் கருவாடு வாங்கி வந்தார். நல்ல கருவாடு. பொட்டலத்தை என் முன்னால் வைத்து, கொஞ்சம் குழைந்து பேசினார்.

"இந்தா, நாலு நாளைக்கு வர்ற மாதிரி வையி. உன் கொழம்பு நாளானாதான் ருசி."

"எதுக்குங்க நாலு நாளைக்கு? தினமும் வூட்லதானே இருக்கப் போறேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அதுவும் சரிதான். ஜல்தி வையி, பசிக்குது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.