நம்பர் யாரு கையில?

அறந்தாங்கியில கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறேன். இந்தத் தொழிலுக்குக் கம்ப்யூட்டர் தெரியுதோ இல்லியோ, அடுத்தவங்க ஆதார் நம்பரைக் கூச்சமில்லாமக் கேக்கத் தெரியணும். ஓடிபிக்காகப் போனை மொறைச்சுக்கிட்டு ஒக்காந்த புண்ணியவான்களே, இது ஒங்களுக்குத்தான்.

சம்மதம்

வல்லத்திராக்கோட்டைப் பையன் ஒருத்தன் ஸ்காலர்ஷிப்புக்கு வந்தான். கடைசியில 'எல்லாத்துக்கும் சம்மதம்'னு ஒரு கட்டம், அதுக்கு மேல பக்கம் பக்கமா இங்கிலீஷு. எனக்கும் எப்பவாச்சும் மனசாட்சி எட்டிப் பாக்கும். படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுப்பான்னேன். அவன் சாவகாசமாக் கேட்டான்:

"படிச்சிட்டு வேணாம்னு சொன்னா, விண்ணப்பத்தை வாங்கிக்குவாங்களாண்ணே?"

குவைத்துக்குப் போன ஓடிபி

ஆவுடையார்கோவில்லேருந்து சரண்யான்னு ஒரு பொண்ணு, அம்மாவோட வந்துச்சு. பிளஸ் டூவுல நல்ல மார்க்கு. கோயம்புத்தூர்ல தங்கி விவசாயம் படிக்கணும்னு ஆசை. விண்ணப்பிக்க மறுநாள் கடைசி. போன் நம்பர்னு கட்டம் வந்தா அப்பா நம்பரைப் போடுறதுதான் நம்ம பக்கத்து வழக்கம். போட்டேன். அப்பா குவைத்துல டிரைவர், ஊரு சிம்மும் அவருகிட்டதான். ஓடிபி அங்க போயி எறங்கிருச்சு.

என் போன்லேருந்து அவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல போட்டுப் பொண்ணுகிட்டக் குடுத்தேன். ஓடிபிக்கு ஆயுசு பத்து நிமிசம். மனுசன் ஒம்போது நிமிசம் விசாரணை நடத்துனாரு. ஹாஸ்டலு எதுக்கு, பக்கத்துல காலேஜே இல்லியா, யாரு சொல்லிக் குடுத்தா. பொண்ணு அழுகையை முழுங்கிக்கிட்டுப் பதில் சொல்லுச்சு. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். கடைசியா அவரு சொன்னது:

"நம்பர் எங்கிட்டதானே இருக்கு, அடுத்த வாரம் யோசிச்சுச் சொல்றேன்."

பட்டன் போன்

அதுவரைக்கும் வாயே தெறக்காத அம்மா, பையிலேருந்து ஒரு பட்டன் போனை எடுத்து மேசையில வச்சாங்க. இதுக்கெல்லாம் அந்த ஓடிபி வராதான்னு கேட்டாங்க. வரும், பேஷா வரும். எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அவங்க கோவப்படவே இல்ல, அதுதான் இன்னும் மோசம்.

"இம்புட்டு நேரம் இங்கனதான் நிக்கிறேன், எங்கிட்ட போன் இருக்கான்னு நீங்க கேக்கவே இல்லியே தம்பி."

பாஸ்வேர்டு

அந்த நம்பர்ல மொதல்லேருந்து போட்டோம். வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்னுட்டாங்க அம்மா. ஓடிபி வந்துச்சு, அடுத்து பாஸ்வேர்டு. எல்லாருக்கும் நானே ஒண்ணு வச்சு நோட்டுல குறிச்சுக்கிறதுதான் நம்ம கடைப் பழக்கம். பேனாவைத் தெறந்தேன். சரண்யா கீபோர்டைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டுச் சொல்லுச்சு:

"அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

பன்னெண்டு வருசமா ஊரு சனத்தோட ரகசியம் அம்புட்டையும் பாத்தவன், எங் கடைச் செவுத்துல இம்புட்டு ஒட்டடை இருக்குங்கிறதை அன்னைக்கித்தான் பாத்தேன்.