ரிப்போர்ட் எங்கே, ஸ்டெல்லா?

போன சனிக்கிழமை ஏற்காட்டில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் முக்கால் மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பார்பர் ஷாப்பில்கூடப் பாதியில் எழுந்து வாசல்வரை போய் வருகிற ஜாதி நான்.

வாரா வாரம் உங்களோடு இங்கே அரட்டை அடிப்பதில் என் வீட்டு அடுப்பு எரியாது. சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படித்தான் நான் வழக்கமாகச் சர்வீஸ் பார்க்கிற ஒரு காப்பி எஸ்டேட்டுக்குப் போனேன்.

பிரச்சினை இதுதான். எஸ்டேட் கணக்கு முழுக்கக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மெஷின் படுத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் தினமும் சாயங்காலம் மொத்தத்தையும் ஒரு டேப்பில் நகல் எடுத்து வைப்பார்கள். பேக்கப். அது முடிந்ததும், ‘எல்லாம் நல்லபடியாக முடிந்தது’ என்று சாஃப்ட்வேரே ஒரு ரிப்போர்ட்டை ஃப்ளாப்பியில் எழுதிவைக்கும். முதலாளி இருப்பது சேலத்தில். சனிக்கிழமை வந்து ஃப்ளாப்பியைக் கொண்டுபோய், வீட்டுக் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு, திங்கட்கிழமை ஜீப்பில் திருப்பி அனுப்புவார்.

ஆயுத பூஜைக்குப் பிறகு ஒரு ரிப்போர்ட்கூட வரவில்லை.

“ஏனுங்க சார், பேக்கப் போட்டாத்தானுங்களே ரிப்போர்ட் வரும்? இந்தப் புள்ள போடாமயே ஊட்டுக்குப் போயிருது” என்றார் முதலாளி.

இந்தப் புள்ள என்பது ஸ்டெல்லா. வெள்ளக்கடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கதவோரம் நின்றிருந்தாள். நான் ஒரு முடிவு சொல்லாவிட்டால், திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலியில் வேறு ஆள். முதலாளி முன்பே சொல்லிவிட்டாராம்.

“தினமும் போட்டேனுங்க சார்” என்றாள் என்னிடம். “ஊட்ல என் சம்பளம் ஒண்ணுதானுங்க.”

டேப்புகளைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் தேதியிலும் பேக்கப் இருந்தது. அப்பாடா என்று எழுந்தேன். முதலாளி அசையவில்லை.

“நீங்க வர்றது தெரிஞ்சு, தேதிய மாத்தி மாத்தி நேத்தே எல்லாத்தையும் போட்டிருக்கலாமில்லீங்க? ரிப்போர்ட் எங்கீங்க?”

வேலை கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் வேலை நடந்தது என்று சொல்கிற காகிதம் இல்லை. நம் ஊரில் எது பெரியது என்று உங்களுக்கே தெரியும்... உயிரோடு போய் நின்றாலும், உயிரோடு இருப்பதற்கு சர்ட்டிபிகேட் கேட்கிற தேசம் இது. எனக்கு எரிச்சலாக வந்தது.

சரி, ரிப்போர்ட் ஏன் வரவில்லை? செட்டிங்கை மாற்றினேன். பேக்கப்பை ஓடவிட்டேன். பாதியிலேயே பொறுக்காமல் நிறுத்தினேன். சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஓடவிட்டேன், நிறுத்தினேன். மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். நடுநடுவே வெளியே போய் டீ குடித்தேன். வெளியே பனிமூட்டம், எதிரே நின்ற ஜீப்பே தெரியவில்லை. இந்த மூட்டத்தில் சேலம் போகிற கடைசி பஸ் சீக்கிரமே கிளம்பிவிடுமோ என்று வேறு கவலை.

முதலாளியின் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, செத்த ஒரு எடத்துல உக்காருங்க. பாக்கற எனக்கு நொம்பத் தலை சுத்துது.”

உட்கார்ந்தேன். வேறு வழி? பேக்கப்பை முதலிலிருந்து ஓடவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் தோன்றியது. “ஸ்டெல்லா, இது முடியறப்ப ஸ்கிரீன்ல என்ன வரும்?”

“தெரியலீங்க சார். அஞ்சரைக்கு ஓடவிட்டுப் பூட்டிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் புடிச்சிருவேன். அதை விட்டா வேற பஸ் இல்லீங்க. எட்டு மணிக்கு வாட்ச்மேன் மெயினை ஆஃப் பண்ணிருவாரு.”

ஆக, பேக்கப் முடிகிற நேரத்தில் அந்த அறையில் யாருமே இருந்ததில்லை. ஆரம்பித்துவைக்க ஆள் உண்டு. அணைக்க ஆள் உண்டு. நடுவில் அது ஏதாவது சொன்னால் கேட்க ஆள் இல்லை. நம்மில் எத்தனை பேர் இப்படித்தான் — ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருக்கிறோம்...

டேப் உர்ரென்று சுற்றியது. என் கால் தானாக ஆடியது. வளைவில் வெள்ளக்கடை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆனால் நகரவில்லை.

கடைசியில் டேப் நின்றது. ஸ்கிரீனில் ஒரு வரி: ஃப்ளாப்பியில் எழுத முடியவில்லை, அது பூட்டப்பட்டிருக்கிறது, மறுபடி முயலவா?

இத்தனை வாரமும் இதைத்தான் கேட்டிருக்கிறது. காலி அறையைப் பார்த்து! எட்டு மணிக்கு மெயின் ஆஃப்... கேள்வியும் ஆஃப்.

ஃப்ளாப்பியை வெளியே எடுத்தேன். சதுரமான கறுப்பு அட்டை. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். வெட்டு திறந்திருந்தால் எழுதலாம். மூடிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். இந்த ஃப்ளாப்பியில் அந்த வெட்டை மூடி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, பெரிய மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு!

அறையில் இருந்தவர்களின் நெற்றிகளைப் பார்த்தேன். முதலாளி நெற்றியில் விபூதி. கிறிஸ்தவப் பெண் ஸ்டெல்லாவின் நெற்றியில் ஒன்றுமில்லை. முதலாளியம்மா நெற்றியில்... அதே மெரூன், அதே அளவு.

அம்மாவின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது.

“பூஜை அன்னிக்கு நாந்தானுங்க வச்சேன். ஜீப்பு, தராசு, டைப்ரைட்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம். கம்ப்யூட்டர் பக்கம் பொடி ஆகாதுன்னு நீங்கதானுங்களே தம்பி சொல்லியிருக்கீங்க? அதான் ஸ்டிக்கர். ஓரத்துல வெட்டுப்பட்டு மூளியா இருந்துச்சு...”

“இதை நீ பார்க்கலையா?” என்றேன் ஸ்டெல்லாவிடம்.

“தினமும் பார்த்தேனுங்க. அம்மா சாமிக்குன்னு வச்ச பொட்டு. நான் போய் எப்படிங்க எடுக்கறது?”

முதலாளியும்தான் பார்த்திருக்கிறார். வாரா வாரம் கண்ணில் ஒற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் போட்டாராம்.

இப்போது யார் எடுப்பது? எனக்கே கை வரவில்லை. அம்மாதான் எழுந்து வந்தார். இரண்டு பொட்டையும் பக்குவமாக உரித்து, வீட்டுக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். ஃப்ளாப்பியைப் போட்டு ஒரு கீயைத் தட்டினேன். கர்ர்ர் என்று சத்தம். ரிப்போர்ட் வந்தது.

முதலாளி ஸ்கிரீனை வெகுநேரம் படித்தார். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் எதற்கு?

“சரி கண்ணு, திங்கக்கெழம வந்துரு” என்றார், ஸ்கிரீனைப் பார்த்தபடியே.

ஸ்டெல்லா முதல்முறையாகக் கதவோரத்தை விட்டு உள்ளே வந்தாள். “வர்றேனுங்க. இனிமே முடியற வரைக்கும் இருந்து பார்க்கறேன். ஆனா ஆறு மணி பஸ் போயிரும். தினமும் ஜீப்புல ஊட்ல கொண்டுபோயி விடச் சொல்லுங்க.”

முதலாளி மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். அன்றைக்கே ஜீப் கிளம்பியது. பனிமூட்டத்துக்குப் பயந்து முதலாளி அன்று எஸ்டேட்டிலேயே தங்கிவிட்டார். கடைசி பஸ்ஸை விட்டிருந்த நானும் அதில் தொற்றிக்கொண்டு ஏற்காடு டவுனுக்கு வந்து ரூம் போட்டேன்.

ஜீப் கிடைத்துவிட்டது. ‘தெரியாம திட்டிட்டேன் கண்ணு’ என்று ஒரு வார்த்தை? நேற்று ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

அந்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம்.