மூன்று டிரைவும் ஒரு ஸ்டோர் கீப்பரும்

எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் டிரைவை எடுக்க வேண்டுமானால் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கதை விடவில்லை. எது வேண்டும், எதற்கு, எப்போது திரும்பும், கீழே கையெழுத்து. "நான் உங்க பொண்ணுப்பா" என்றால், "பொண்ணுன்னா என்ன, கையெழுத்துப் போடத் தெரியாதா?" என்பார் அப்பா.

அப்பா பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பேரிங், பிரேக் லைனிங், பல்பு, வாஷர் என்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் சாமான்கள் அவர் காவலில் இருந்தன. கம்பிவலைக்குப் பின்னால் இருந்து அவர் ஒரு போல்ட்டைச் சும்மா கொடுத்ததாக எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை. ஒரு தடவை மேனேஜரே பல்பு கேட்டு வந்து, சீட்டு எழுதப் பேனா இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். அப்பா பேனா தரவில்லை. பேனாவும் ஸ்டாக்கில் இருந்ததாம்.

ஓய்வு பெற்ற பிறகு மூன்று மாதம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையலறை டப்பாக்களுக்கு நம்பர் ஒட்டினார். உப்புக்கெல்லாம் சீட்டு எழுத முடியாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் என் பெட்டி வீட்டுக்கு வந்தது.

நான் குளவிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு மேலே ஒரு கூடு இருந்தது. ஒவ்வொரு குளவியின் முதுகிலும் அடையாளத்துக்கு ஒரு பெயிண்ட் புள்ளி வைத்தேன். எதிரே கேமராவை மாட்டி, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பத்து மாதம் படம் பிடித்தேன். அறுநூறுக்கு மேல் வீடியோ. பல்கலைக்கழகம் எனக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு வாரப் பதிவுகூடக் கொள்ளாது. அதனால் செருப்புப் பெட்டி அளவில் ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கினேன். வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் அதில் போடலாம், எடுக்கலாம். கூடவே வெளியே செருகுகிற இரண்டு டிரைவ்: ஒன்று புதிது, நீலம், இன்னொன்று என் கல்லூரிக் காலத்துச் சாம்பல் நிறப் பழசு. பெட்டியில் இருப்பது எல்லாம் இந்த இரண்டிலும் நகலாக இருக்க வேண்டும். ஒன்று எப்போதும் வேறு கூரைக்கு அடியில் இருக்க வேண்டும்.

இதை அப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி அவருடையதாகிவிட்டது. டிரைவுகளுக்கு நம்பர் ஏறியது, நூலில் கட்டிய அட்டை தொங்கியது. சொல்லிக்கொள்ளாமல் டிரைவைப் பிடுங்கினால் எனக்கு அர்ச்சனை விழுந்தது. சனிக்கிழமை தோறும் நகல் எடுத்து, ஒரு டிரைவைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, இரண்டு பஸ் மாறி, அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கி வருவார். தம்பி பாசத்தோடு வாராவாரம் வருகிறான் என்று அத்தை ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் தலை போகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பத்து மாதத்தில் பதினொரு நாள்தான் என் ஆராய்ச்சிக்கு உயிர். வெள்ளைப் புள்ளி வைத்த ராணிக் குளவியை மஞ்சள் புள்ளிக்காரி எதிர்த்து நின்று, கடைசியில் கூட்டை விட்டே துரத்திய நாட்கள் அவை. அடுத்த மழையில் கூடு விழுந்துவிட்டது. மறுபடி எடுப்பது என்ற பேச்சே இல்லை. நான் பார்த்து எண்ணிக் குறித்து வைத்துவிட்டேன். ஆனால் எனக்கு வழிகாட்டிய மேடம் ஒரு கறார்ப் பேர்வழி.

"நீ மட்டும் பாத்தா அது உன் கதை. இன்னொருத்தர் உன் நோட்டைப் பாக்காம தனியா எண்ணி, ரெண்டும் ஒத்துப் போனாதான் ஆராய்ச்சி. ஆளப் பிடிச்சியா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் மேடம்" என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தபோது, ஐந்து நாள் கருத்தரங்குக்கு வெளியூர் போனேன்.

இதற்கிடையில் அப்பாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவர் எதையும் பத்திரமாக வைத்திருப்பார் என்பது உறவு வட்டாரத்தில் பிரபலமாகி, பதினாறு வீட்டுக் கல்யாண வீடியோக்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. பெட்டியிலோ இடமில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. "கல்யாணத்துக்கெல்லாம் இடம் கெடையாது" என்று நானும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். நான் ஊரில் இல்லாத நேரம் அவர் வருஷக் கடைசி ஸ்டாக் சரிபார்ப்பைத் தொடங்கினார். அத்தை வீட்டு டிரைவையும் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாகப் பெட்டியில் செருகினார். ஒரே கோப்பு எங்கெல்லாம் திரும்பத் திரும்ப இருக்கிறது என்று தேடிக் கொடுக்கிற வசதி பெட்டியில் இருந்தது. அதை ஓட்டினார்.

ஸ்டோர்காரர்களுக்குச் சாமான் குறைவதைவிடக் கூடுவதுதான் பெரிய குற்றம். குறைந்தால் எங்கேயோ போயிருக்கிறது, கூடினால் எவனோ பொய் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். பெட்டி சொன்னது: மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிகப்படி.

அப்பாவுக்கு என் லட்சணம் தெரியும். 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்று ஒரே கட்டுரையை நான் பத்து இடத்தில் போட்டு வைப்பேன். இதெல்லாம் என் குப்பைதான் என்று முடிவு கட்டிவிட்டார். பெட்டி தன்னை மட்டும் எண்ணவில்லை, செருகியிருந்த நகல் டிரைவுகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. 'ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு' என்பதை அழுத்தினார். பதினோரு மணி நேரம் ஓடியது. எதை எங்கே வைப்பது என்று பெட்டியே தீர்மானித்து, சில மாதங்களைத் தன்னிடமும், சில மாதங்களை நீலத்திலும், மீதியைச் சாம்பலிலும் விட்டது. கழித்த சாமான் கண்ணில் படுகிற இடத்தில் கிடக்கக் கூடாது என்பது டிப்போ விதி. ஆகவே பெட்டிக்குள் இருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். கிடைத்த இடத்தில் பதினாறு கல்யாணத்தையும் ஏற்றினார்.

நான் வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"வந்து பாரு, எவ்வளவு எடம்" என்றார். முகமெல்லாம் பல்.

பார்த்தேன். மூன்று பிரதி இருந்த இடத்தில் இப்போது ஒன்று. சரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி இருக்கிறதே, நிதானமாக மறுபடி நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, சாம்பல் டிரைவைத் திறந்தேன். டக், டக், டக் என்றது. பிறகு அடங்கிவிட்டது. பதினோரு மணி நேரம் ஒரே மூச்சாக ஓடுகிற வயதா அதற்கு? அதில் இருந்தவை இருநூற்று ஏழு வீடியோ. என் பதினொரு நாளும் அதற்குள்தான்.

பழுது பார்க்கிறவர் டிரைவைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே தட்டு கீறிவிட்டது, ஒன்றும் வராது என்றார். பெட்டியில் அழித்ததையும் நீலத்தில் அழித்ததையும் மீட்கப் பார்த்தோம். பெட்டியில் அந்த இடத்தில் மாப்பிள்ளைகள் மாலையோடு நின்றிருந்தார்கள். அழித்த மறுநாள் சனிக்கிழமை என்று கடமை தவறாமல் பெட்டியை நீலத்தில் நகல் எடுத்திருந்தார் அப்பா, அங்கேயும் மாப்பிள்ளைகள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்தது. அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். "முப்பது வருஷம் நட்டு போல்ட்டு எண்ணிட்டா எல்லாம் தெரிஞ்சிடும்னு நெனப்பா உங்களுக்கு?" என்றேன். அப்பா கையில் இருந்த அட்டையின் நூலைச் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. இரண்டாவது ஆளை எட்டு மாதம் முன்பே பிடித்திருந்தால் இந்த வீடியோ போனாலும் பிழைத்திருப்பேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இன்னும் அதிகமாகக் கத்தினேன்.

ஐந்தாம் நாள் காலை என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. குறைவு அறிக்கை. குறைந்தது: இருநூற்று ஏழு. காரணம்: ஸ்டோர் காப்பாளரின் கவனக்குறைவு. பொறுப்பு: நான். கீழே கையெழுத்து. முப்பத்தோரு வருஷத்தில் அப்பா இந்த அறிக்கையை ஒரு தடவைகூட எழுத நேர்ந்ததில்லை என்று அம்மா சொன்னாள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அறிக்கை எனக்கெதுக்கு, ரெண்டாவதா பாத்த ஆளு ஒருத்தர் இருந்திருந்தா போதும்" என்றேன்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "பாத்த ஆளா? உங்கப்பா தெனமும் ரெண்டு மணி நேரம் உன் பூச்சிங்களத்தானே பாத்துக்கிட்டு இருந்தாரு. என்னை ஒரு சீரியல் பாக்க விட்டாரா மனுஷன்?"

அப்பாவைத் தேடிப் போனேன். மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வீடியோவெல்லாம் பாத்தீங்களாப்பா?"

"நகல் சரியா விழுந்திருக்கான்னு பாக்கணும்ல."

"அதுக்கு அஞ்சு செகண்ட் பாத்தா போதுமே."

"டிப்போவுல சாமான் பெட்டி வந்தா மேல ஒட்டின சீட்ட மட்டும் பாத்து வாங்குவாங்களா?" என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எண்ணிடுவேன்" என்றார்.

"எதை?"

"குளவியத்தான்."

அவர் அலமாரியில் இருந்து எடுத்துத் தந்தது இரண்டு நீள நோட்டு. ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரி: ஆரம்ப இருப்பு, வந்தது, போனது, இறுதி இருப்பு, குறிப்பு. வெளியே போன குளவிகளிடம் சீட்டு மட்டும்தான் வாங்கவில்லை. எந்த நிறப் புள்ளி எத்தனை மணிக்குப் போனது, எது இரையோடு திரும்பியது, எல்லாம் இருந்தது. அந்தப் பதினோராம் நாளைத் தேடிப் புரட்டினேன். 'இறுதி இருப்பு இருபத்தொன்று. குறைவு ஒன்று. வெள்ளைப் புள்ளியை மஞ்சள் புள்ளி விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய் விழச் செய்தது, 10.42. மற்றவை சும்மா பார்த்துக்கொண்டிருந்தன.'

அந்தக் கடைசி வரியின் ஆதங்கத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்பாவின் நோட்டை மேடம் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பிழைத்திருந்த வீடியோக்களில் ஐம்பதை அவரே பொறுக்கி எடுத்து, என் எண்ணிக்கையையும் அப்பாவின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பத்தாறில் ஒத்துப் போனது. நாலில் இடித்தது. அந்த நாலையும் ஓட்டிப் பார்த்தோம். நாலிலும் தப்பு என்னுடையது.

"இவரு வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார் மேடம். பதினொரு நாள் எண்ணிக்கையும் இம்மி பிசகாமல் பொருந்தியது. ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது.

அன்று மாலை அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "மொதல்ல அந்தக் குறைவு அறிக்கைல உன் குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போடு. அப்படியே தொங்கலா நிக்குது" என்றார். 'இழப்பில் பாதி என் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பாதின்னா எத்தனை? இருநூத்தி ஏழுல பாதி நூத்தி மூணரை. அரை வீடியோவுக்கு எங்க போறது?"

நூற்று நாலை என் பேரில் எழுதிக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரில் இருந்து வந்த தேர்வாளர், ஆட்களுக்குத் தண்ணி காட்டுவதில் பேர் போனவர். ஒன்றே கால் மணி நேரம் என்னைப் பிழிந்துவிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த இரண்டாவது பார்வையாளர் பூச்சியியல் படிச்சவரா?"

"இல்ல சார். பஸ் டிப்போ ஸ்டோர் கீப்பர். என் அப்பா."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. அப்பாவை முன்னால் வரச் சொன்னார். தணிக்கைக்கு வந்தவர் முன்னால் நிற்பது மாதிரி, அப்பா கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அறுநூறு மணி நேரத்துக்கு மேல குளவியப் பாத்திருக்கீங்க. யாரு பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு நேரம்?"

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "பொண்ணு என்ன படிக்குதுன்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது சார். அவகிட்ட கேட்டா அவளுக்குக் கோபம் வரும். அதான் அவ பாக்கறதையே நானும் பாத்தேன்."

உண்மைதான். இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். 'சொன்னாலும் உங்களுக்குப் புரியாதுப்பா' என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன்.

தேர்வாளர் தலையை அசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், திரையில் நின்றிருந்த குளவிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.